ராணிச் சிப்பாய்க்கு ஒரு பதில்

ஜூன் 4

அன்புள்ள மழைக்காரிக்கு,

இந்தக் கடிதம் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு இரண்டுபடும். தையல் தொழிற்சாலைக்குத் துணிப் பட்டியல் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, சமையலறை மேடையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று நடந்ததிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. உன் அண்ணன் உன்னைப் பற்றிப் பேசினார்! பணிமனை விழாவில் அத்தனை டிரைவர், கண்டக்டர் முன்னால் நீ அவரைச் செஸ்ஸில் தோற்கடித்தாயே, அன்றைக்கு மூடிய வாய். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய் முகம் கழுவுவார். இந்த இரண்டு வருஷத்தில் அந்த முகம் தேய்ந்து போகாததுதான் ஆச்சரியம்.

நேற்று டியூட்டி முடிந்து வந்ததும் வழக்கம்போல ஆடினோம். வழக்கம்போலத் தோற்றேன். எரிச்சலில், "உங்கள ஜெயிக்க உங்க தங்கச்சிதான் வரணும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. அவர் எழுந்து போகவில்லை. காய்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டே, "நீ ஒரு தடவை என்னை ஜெயிச்சுக் காட்டு. அன்னைக்கே என் கையால அவளுக்கு எழுதி வீட்டுக்கு வரச் சொல்றேன். போதுமா?" என்றார்.

கேலிக்குத்தான் சொன்னார். என்னால் ஜெயிக்க முடியாது என்ற தைரியம். ஆனால் சொன்னது சொன்னதுதான், நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது நீதான் வழி சொல்ல வேண்டும். கல்யாணமான நாள் முதல் வெள்ளைக் காய் அவருக்கு, கறுப்பு எனக்கு. ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித்தான் எப்போதும் தொடங்குவார். வேறு மாதிரி தொடங்கி நான் பார்த்ததே இல்லை. அதற்குக் கறுப்பு என்ன பதில் ஆட வேண்டும்? நான் இதுவரை மனசுக்குத் தோன்றியதை ஆடி உதை வாங்கி வந்திருக்கிறேன்.

எனக்கு நீ வீட்டுக்கு வர வேண்டும். இந்த வீட்டில் என்னோடு வாயாட ஆளில்லை. பதிலைத் தொழிற்சாலை விலாசத்துக்குப் போடு.

உன் அண்ணி


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஜீப் டிரைவர் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தபோது நான் மழைமானியைக் கழுவிக்கொண்டிருந்தேன். படித்ததும் கையிலிருந்த கண்ணாடி அளவுக் குவளை நழுவி உடைந்துவிட்டது. இந்த மலைமேல் வானிலை நிலையத்தில் நானும், முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் ஒரு காவலாளியும், காற்றும்தான். அதிர்ச்சி அடைந்தால்கூடப் பகிர்ந்துகொள்ள ஆளில்லை.

அன்றைக்கு நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன் என்றா நினைத்துக்கொண்டிருக்கிறான்? நான் சிரிக்கவே இல்லை அண்ணி. அவன் ஓரத்தில் நின்ற குதிரையைச் சும்மா விட்டான். பச்சைக் குழந்தைகூட அப்படி விடாது. எடுத்தேன். எடுத்துவிட்டு, "கண்ணை எங்கண்ணா வச்சிருக்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான். உலகத்தில் எந்தத் தங்கச்சி அண்ணனைப் பார்த்து இதைக் கேட்டதில்லை? அவன் முகம் வெளுத்துப் போனது. மறுநாள் நான் வேலையில் சேர இங்கே கிளம்பினேன். பஸ் நிலையத்துக்குக்கூட வரவில்லை. ஒரு பஸ் டிரைவர், தங்கச்சியை வழியனுப்ப பஸ் நிலையத்துக்கு வரவில்லை! இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராணிச் சிப்பாய் ஆட்டக்காரர்கள் அவசரப்படமாட்டார்கள். மெல்ல மெல்ல இடத்தைப் பிடித்து, கடைசியில் நம்மை மூச்சுவிடாமல் செய்வார்கள். அண்ணன் வண்டி ஓட்டுவதும் அப்படித்தானே. அதற்குக் கறுப்பு அமைதியாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாம். அது உங்களுக்கு வேண்டாம், தூங்கிவிடுவீர்கள்.

கிங்ஸ் இந்தியன் என்று ஒரு தொடக்கம் இருக்கிறது, அதை ஆடுங்கள். நடுக்கட்டங்களை அவனுக்கே கொடுத்துவிடுங்கள், பெரிய மனுஷன் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் ராஜா இருக்கிற பக்கம் சிப்பாய்களைத் திரட்டி ஒரேயடியாக அவன் ராஜா மேல் பாயுங்கள். எந்தக் காயை எப்போது நகர்த்துவது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு அவன் கையெழுத்து வேண்டும் அண்ணி. "வா" என்று ஒரே ஒரு எழுத்து எழுதினாலும் போதும்.

உங்கள் மழைக்காரி


ஜூன் 19

மழைக்காரிக்கு,

உன் கிங்ஸ் இந்தியனைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு.

மூன்று தடவை பாய்ந்தேன். மூன்று தடவையும் அவர் என் ஒவ்வொரு சிப்பாயையும் வாசலிலேயே நிறுத்தி டிக்கெட் கேட்டார். நான் எதை எங்கே வைக்கப் போகிறேன் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் நீ வேண்டாம் என்ற அந்தக் கதவைச் சாத்துகிற ஆட்டத்தையும் ஆடிப் பார்த்தேன். தூங்கவில்லை, ஆனால் தோற்றேன்.

அவர் குணமும் சரியில்லை. எதற்கெடுத்தாலும் சிடுசிடு. நேற்று டீயைப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "டீ தர்ற எண்ணம் இருக்கா இல்லையா?" என்கிறார். "உங்க முழங்கைகிட்ட இருக்கு பாருங்க" என்றேன். பார்த்துவிட்டு, "இப்பதான் கொண்டு வந்து வச்ச" என்று என் மேலேயே பழியைப் போட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயை நானே குடித்துவிட்டேன்.

வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி மறுபடியும் உடைந்ததாம். பணிமனை வாசல் தூணில் இடித்துவிட்டதாம். "தூணை இந்தப் பக்கம் தள்ளிக் கட்டிட்டானுங்க" என்கிறார். தூண் எப்போது நடந்து வந்ததோ!

அவருடைய கண்டக்டர் சனிக்கிழமை வந்திருந்தார். பாவம், முழங்கால் வீங்கியிருக்கிறது. நாள் முழுவதும் முன்படியிலேயே நிற்கிறாராம். "பின்னால சீட்டுல உட்காரலாமே" என்றேன். கண்டக்டர் உன் அண்ணனைப் பார்த்தார். உன் அண்ணன், "அவன் அங்கதான் நிக்கணும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். விருந்தாளியிடம் பேசுகிற பேச்சா இது?

தோற்ற ஆட்டங்களைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பார்த்து வேறு ஆட்டம் சொல். நான் விடுவதாக இல்லை.

அண்ணி


ஜூன் 26

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தோல்விகளை இங்கே என் பலகையில் ஆடிப் பார்த்தேன். நீங்கள் ஒன்றும் மோசமாக ஆடவில்லை. அவன்தான் சுவர் மாதிரி நிற்கிறான். ஆகவே சுவரில் முட்டுவதை விட்டுவிட்டு வேறு பக்கமாக நுழையலாம்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நீங்கள் வெட்டுமேசைக்காரி, ஒரு சாண் துணி வீணானால் மூன்று பேரைக் கூப்பிட்டு விசாரிப்பவர். ஆனாலும் சொல்கிறேன். ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்துவிடுங்கள்.

கத்தாதீர்கள். இதற்குப் பென்கோ என்று பெயர். மூன்றாவது நகர்விலேயே ராணி பக்கத்துச் சிப்பாய் ஒன்றைத் தூக்கி அவன் வாயில் வைக்கிறீர்கள். அவன் எடுத்துக்கொள்வான். பிறகு அந்த ஓரத்தில் இரண்டு வரிசைகள் உங்கள் யானைகளுக்குத் திறந்துவிடும். கோணலாக ஓடுகிற மந்திரி தூரத்தில் இருந்தபடியே அவனுடைய மூலை யானையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ராஜா பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். எல்லாவற்றையும் ராணி பக்கமே கொண்டுபோங்கள்.

அவன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

உங்கள் மழைக்காரி


ஜூலை 5

என் தங்கமே, மழைக்காரி!

ஜெயித்துவிட்டேன்!

நான், உன் அண்ணி, வெட்டுமேசைக்காரி, உன் அண்ணனை ஜெயித்துவிட்டேன். அதுவும் இரண்டு தடவை.

சிப்பாயை நீட்டியபோது, "என்ன, பிச்சை போடுறியா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் கொடுக்க மனசே வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தேன். அப்புறம் நீ சொன்னபடியே எல்லாவற்றையும் ராணி பக்கம் குவித்தேன். அவர் நடுவில் இருந்த குதிரையை ஜம்மென்று எடுத்து ராஜா பக்கம் கொண்டுபோனார். அந்தக் குதிரை நகர்ந்ததும் மூலை யானைக்குக் காவலே இல்லை! பொறி வைத்திருக்கிறாரோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொறியும் இல்லை, ஒன்றும் இல்லை. என் மந்திரி போய் யானையைத் தூக்கியது. அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கேருந்து வந்துச்சு இது?" என்று கேட்டார், ஏதோ ஜன்னல் வழியாக வந்தது மாதிரி.

"குருட்டு அதிர்ஷ்டம், இது கணக்குல வராது" என்று மறுநாளும் ஆடச் சொன்னார். மறுநாளும் அதே பென்கோ. அதே ஓரத்தில் ஒரு மந்திரியும் இரண்டு சிப்பாய்களும் எனக்குக் கிடைத்தன. முடிந்ததும் நேராக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எழுதுவதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கொஞ்சம் ஆறட்டும், நான் விடமாட்டேன்.

இரண்டு ஆட்டத்தையும் ஒரு நகர்வு விடாமல் எழுதி அனுப்புகிறேன். நீயும் ஆடிப் பார்த்துச் சந்தோஷப்படு. உன் மூளையை வெள்ளித்தட்டில்தான் வைக்க வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை. அந்தக் கண்டக்டர் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க பதினைந்தாம் தேதியிலிருந்து லீவு. புதுக் கண்டக்டர் வருகிறாராம். அதிலிருந்து உன் அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு கண்டக்டருக்காக இப்படி ஏங்குகிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை!

உன் வெற்றிகரமான அண்ணி


தந்தி. ஜூலை 12

அண்ணனை வண்டி எடுக்க விடாதீர்கள். எப்படியாவது தடுங்கள். அவனிடம் காரணம் சொல்ல வேண்டாம். கடிதம் வருகிறது. மழைக்காரி.


ஜூலை 12

அண்ணி,

தந்தி கிடைத்து என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பீர்கள். இங்கிருக்கிற ரேடியோ வானிலைச் செய்திக்கு மட்டும்தான். அதில் சொந்த விஷயம் பேசினால் வேலை போகும். பேசினேன். மலைக்குக் கீழே ரேடியோவில் இருக்கிறவரிடம் கெஞ்சி உங்களுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன்.

என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்கிறேன். என் மேசை சுவரோடு ஒட்டிக் கிடக்கும். எப்போதும் கறுப்பின் பக்கம்தான் உட்காருவேன். இன்று உங்கள் வெற்றியைப் படித்ததும் ஒரு குறும்பு தோன்றியது. அண்ணன் நாற்காலியிலிருந்து அந்தத் தோல்வி எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். மேசையை இழுத்துப் போட்டு, வெள்ளையின் பக்கம் உட்கார்ந்து, நீங்கள் எழுதியபடியே காய்களை நகர்த்தினேன்.

முதல் ஆட்டம் முடிந்தபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் பறிகொடுத்த யானை, மந்திரி, சிப்பாய்கள், எல்லாமே அவன் நாற்காலியிலிருந்து பார்த்தால் இடது கைப் பக்கம். ராணி பக்கம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோமே, வெள்ளைக்கு அது இடது. வலது கைப் பக்கம் அவன் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. உங்கள் கிங்ஸ் இந்தியன் எல்லாம் வலப்பக்கம்தான். அங்கே சுவராக நின்றானே!

அதற்கப்புறம் செய்ததைச் சொல்லவே எனக்கு உடம்பு கூசுகிறது. இடது ஓரத்து மூன்று வரிசைகளை ஒரு துண்டால் மூடிவிட்டு, மறுபடி ஆடிப் பார்த்தேன். அண்ணி, அண்ணன் ஆடிய ஒவ்வொரு நகர்வும் சரி. துண்டுக்கு அடியில் இருப்பது தெரியாத ஒருவன் ஆடினால் அப்படியேதான் ஆடுவான். அந்தக் குதிரையை அவன் நகர்த்தியது அசட்டுத்தனம் இல்லை. அந்த யானை அங்கே இருக்கிறதா இல்லையா என்பதே அவன் கண்ணில் இல்லை.

டீயை நினைத்துப் பாருங்கள். எந்த முழங்கை? உடைந்த கண்ணாடி எந்தப் பக்கம்? கண்டக்டர் ஏன் நாள் முழுக்க முன்படியில் நிற்கிறார்? அந்தப் படி வண்டிக்கு இடப்பக்கம்தானே? அவர் லீவில் போனால் அண்ணன் ஏன் சாப்பிட மறுக்கிறான்?

நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தப்பா சரியா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு ஆட்டம் ஆடுங்கள், ஆனால் இந்தத் தடவை வெள்ளையை நீங்கள் எடுங்கள். கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தால் பலகை திரும்பிவிடும். அவனுக்கு ராணி பக்கம் வலது கைக்கும் ராஜா பக்கம் இடது கைக்கும் வந்துவிடும். நீங்கள் ராணிச் சிப்பாயைத் தள்ளித் தொடங்கி, உங்கள் ராணியை அவன் ராஜா பக்கத்து ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். பார்க்கிறானா என்று பாருங்கள்.

பார்த்துவிட்டால் என்னை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதுங்கள். அந்தத் திட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

மழைக்காரி


ஜூலை 17

மழைக்காரி,

உன்னைத் திட்ட முடியவில்லை.

தந்தியை எங்கள் மேற்பார்வையாளர் வெட்டுமேசைக்குக் கொண்டுவந்து, எல்லோர் காதிலும் விழும்படி படித்தார். கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நல்ல வேளை, அன்றைக்கு அவருக்கு மதியத்துக்கு மேல்தான் டியூட்டி. சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். என்ன சொல்லித் தடுப்பது? தலை சுற்றுகிறது என்று வாசற்படியிலேயே விழுந்துவிட்டேன். நன்றாகத்தான் விழுந்தேன், முழங்கை இன்னும் வலிக்கிறது. பதறிப்போய் லீவு சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உன் கடிதம் வரும்வரை எழுந்திருக்க முயன்று, எழுந்திருக்க முடியாமல் விழுந்துகொண்டிருந்தேன். நேற்று மேசைப் பெண் ஒருத்தி கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். போர்வைக்குள் வைத்துப் படித்தேன். அதற்கப்புறம் நிஜமாகவே தலை சுற்றியது.

சாயங்காலம், "படுத்துப் படுத்து அலுத்துப்போச்சு, ஒரு ஆட்டம் போடலாமா? இன்னைக்கு எனக்கு வெள்ளை குடுங்க" என்றேன். நோயாளி கேட்டால் மறுப்பாரா? கொடுத்தார்.

நான் ராணிச் சிப்பாயைத் தள்ளினேன். "பாருடா, என் ஆட்டத்தை எனக்கே ஆடுறா" என்றார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். "இதுக்குக் கறுப்பு என்ன ஆடணும்னு நான் யோசிச்சதே இல்லடி" என்றார். அப்புறம் என்னிடமே கற்றுக்கொண்ட மாதிரி அந்தச் சிப்பாயை நீட்டினார். பென்கோ! ராணி பக்கம், அவருக்கு இப்போது வலது கைப் பக்கம், என்னமாக ஆடினார் தெரியுமா? என் காய்களை ஒவ்வொன்றாக முடக்கினார். எனக்கு அழுகையும் சந்தோஷமுமாக வந்தது. உன் நினைப்பு தப்பு, அவருக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ராணியை எடுத்து, அவர் ராஜாவுக்கு இடது கைப் பக்கம், ஓர வரிசையில் வைத்தேன். அடுத்த நகர்வில் அவர் ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டேன்.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எவ்வளவு நேரம் யோசிப்ப? ஆடேன்" என்றார்.

"நான் ஆடிட்டேங்க" என்றேன்.

"எங்க?"

அவர் பலகையை வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார், வண்டியைத் திருப்பத்தில் ஓட்டுகிற மாதிரி, முழுசாக. ராணியைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது! இவ்வளவு காலமாக அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இடது பக்கம் இருட்டாக இல்லையாம், ஒன்றுமே இல்லையாம். "உன் முதுகுக்குப் பின்னால உனக்கு என்ன தெரியும்? அந்த மாதிரி" என்றார். கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சமாளித்திருக்கிறார். கண்டக்டர் முன்படியில் நின்று, "சைக்கிள்", "ஆள்", "ஓரம்" என்று சொல்லச் சொல்ல ஓட்டியிருக்கிறார். பயணிகளுக்குச் சொல்வதாக எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம்.

"முதல்ல எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"மழைக்காரி கேட்டாளே, கண்ணை எங்க வச்சிருக்கன்னு. அந்தக் குதிரை அங்க நின்னது எனக்குத் தெரியவே இல்ல. அவ கேட்டப்பதான் புரிஞ்சுது."

இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதியிருக்கிறேன்.

அண்ணி


ஜூலை 23

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியில் போய் நின்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. அளக்க மறந்துவிட்டேன். இங்கே வந்ததிலிருந்து ஒரு நாளும் மறந்ததில்லை.

அவன் தோற்றதற்குக் கோபப்பட்டான் என்று இரண்டு வருஷம் அவனைக் கேவலமாக நினைத்தேன். நான் பெரிய ஆட்டக்காரி, அவன் பொறாமைக்காரன் என்று. அந்த ஆட்டத்தை நான் ஜெயிக்கவே இல்லை. அண்ணனுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஒரு குதிரையை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நீங்களும் ஜெயிக்கவில்லை. நான் தேடித் தேடிக் கொடுத்த பதில், அவனுக்கு இல்லாத பக்கமாகப் பார்த்து நுழைந்திருக்கிறது.

அதே சமயம் எனக்கு அவன் மேல் ஆத்திரமும் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டினான்! பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்தப் பக்கம் சைக்கிளில் வருவார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? அந்தக் கண்டக்டர் ஒரு தடவை தும்மியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை அவனிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவன் சாப்பிட்டானா என்றும் கேளுங்கள்.

உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போயிருந்தால் என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுதுங்கள். அவன் மறைத்தது போதும்.

மழைக்காரி


ஜூலை 30

அன்புள்ள மழைக்காரிக்கு,

நீ சொன்னதை அப்படியே சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "அவ சொல்றது சரிதான்" என்றார். முகம் கழுவ எழுந்து போகவில்லை.

டாக்டரிடம் போனோம். கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம். தலைக்குள் பின்பக்கம், வலது ஓரத்தில் ஒரு கட்டி. மெல்ல வளர்கிற ஜாதியாம், சில வருஷமாகவே இருந்திருக்க வேண்டுமாம். அது அழுத்துவதால் இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை போய்விட்டது. எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். உயிருக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், போன பார்வை எவ்வளவு திரும்பும் என்று மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார். ஆகஸ்ட் பத்தொன்பது ஆபரேஷன்.

அங்கிருந்து நேராகப் பணிமனைக்குப் போகலாம் என்று உன் அண்ணனே சொன்னார். நானும் கூடப் போனேன். மேலாளர் முன்னால் நின்று எல்லாவற்றையும் தானே சொன்னார், கண்டக்டர் மேல் பழி வராமல். இனி வண்டி கிடையாது. ஆபரேஷனுக்குப் பிறகு உள்வேலை ஏதாவது பார்க்கலாம் என்றிருக்கிறார்கள், நிச்சயமில்லை. திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். நான் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று என்னிடம் காகிதம் கேட்டார். "பந்தயம்னா பந்தயம்தான்" என்றார். "நான் ஜெயிச்சதெல்லாம் ஜெயிச்சதா?" என்றேன். "கடைசி ஆட்டம் ஜெயிச்ச இல்ல? நான் பார்த்தப்புறமும் எனக்கு வழியில்ல. அது ஜெயிச்சதுதான்" என்றார்.

எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நீ பிரிக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பார்த்துப் பயந்துவிடாதே. ஒவ்வொரு வரியையும் காகிதத்தின் நடுவிலிருந்து தொடங்கியிருக்கிறார். இடப்பாதி முழுக்க வெறுமை. எழுதி முடித்து, தூரத்தில் பிடித்துப் பார்த்து, "தாள் பத்தல, இன்னும் எழுதியிருக்கலாம்" என்றார். "போதும், நல்லா இருக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். உள்ளே போய்த்தான் அழுதேன்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

பிரித்தேன். நீங்கள் சொல்லியிருந்தும், பார்த்த மாத்திரத்தில் அந்த வெறும் பாதி என்னை அறைந்துவிட்டது. அந்தப் பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கூடப் பார்த்தேன்.

அவன் எழுதியதை நீங்கள் வரி வரியாகப் படித்திருக்கமாட்டீர்கள் என்று தெரியும். நான் சொல்கிறேன். "மழைக்காரி, உன் அண்ணி ஜெயிச்சுட்டா. வீட்டுக்கு வா. ஆபரேஷனுக்கு முன்னால ஒரு ஆட்டம். எனக்கு வெள்ளை. ராணிச் சிப்பாய் ரெண்டு கட்டம். நீ என்ன ஆடப் போற?" இவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு அது போதும்.

லீவு கொடுத்துவிட்டார்கள். ரேடியோவில் சொந்த விஷயம் பேசியதற்கு ஒரு விளக்கமும் கேட்டிருக்கிறார்கள். வந்து எழுதிக்கொள்கிறேன்.

என்ன ஆடுவது என்று ஜீப்புக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் யோசித்தேன். பென்கோ இல்லை. அதை அவனோடு நான் இனி ஆடமாட்டேன், டாக்டர் கட்டு அவிழ்த்து அவன் பார்வை எவ்வளவு என்று தெரிகிறவரை. நீங்கள் குப்பையில் போட்டீர்களே, அந்தக் கிங்ஸ் இந்தியனைத்தான் ஆடப்போகிறேன். என் காய்கள் எல்லாம் அவன் வலது கைப் பக்கம்தான் வரும். அவன் என்னைத் தடுத்து நிறுத்தி டிக்கெட் கேட்கட்டும். விட்டுக்கொடுப்பேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அவன் பார்க்கப் பார்க்க ஜெயிக்க வேண்டும் எனக்கு. இல்லையென்றால் அவன் பார்க்கப் பார்க்கத் தோற்க வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். போன தடவை அவன் பஸ் நிலையத்துக்கு வரவில்லை. இந்தத் தடவை கட்டாயம் கூட்டி வாருங்கள். கூட்டத்தில் நான் எந்தப் பக்கமிருந்து வருவேன் என்று தேடிக் கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு இடத்தில் நேராக நிற்கட்டும். நான் இறங்கிச் சுற்றிக்கொண்டு அவனுடைய வலப்பக்கமாக வருகிறேன்.

உங்கள் மழைக்காரி